ஜியாமெட்ரி பாக்ஸில் ஆறு டோக்கன்

வேண்டாம் சார், டீ வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அன்பாகத்தான் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் வெளியாள் காசில் ஒரு வாய் டீ குடித்தவன் இல்லை நான். இதோ ஃபிளாஸ்க் இருக்கிறது. வீட்டுக் காபி. தீபாவளிக்கு கான்ட்ராக்டர்கள் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவருவார்கள் பாருங்கள், அந்த நெய் வாசனை மூக்கில் ஏறினாலே எனக்குக் குமட்டும். "எடுத்துட்டுப் போங்கய்யா அந்தச் சனியனை" என்பேன். பக்கத்து செக்ஷன்காரன் என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்வான். டைரி, காலண்டர்கூட நான் தொட்டதில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது காசு கொடுத்து வாங்கிய காலண்டர்.

நீங்கள் பட்டா மாறுதலுக்கு வந்தீர்களா? அப்படியென்றால் இரண்டரைக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் இரண்டரைதான். அதுவரை இந்த வேப்பமரத்தடி பெஞ்சுதான் நம் இரண்டு பேருக்கும்.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நாகரிகம் தெரிந்தவர். நானே சொல்லிவிடுகிறேன். மாடியில் மூன்றாவது அறையில் ஒரு விசாரணை நடக்கிறது. என் மேல்தான். என் பெயர் சுயம்புலிங்கம். விடுதிகளைக் கவனிக்கிற மாவட்ட அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். நாளை மறுநாள் முப்பத்தொன்றாம் தேதி எனக்கு ரிட்டயர்மென்ட். அதற்குள் ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது போடாமல் இருக்க வேண்டும். போட்டால் 'கவனக்குறைவாக இருந்தவன்' என்று வீட்டுக்குப் போவேன், பென்ஷனில் கொஞ்சம் பிடிப்பார்கள். போடாவிட்டால் 'திருடியவன்' என்று ஆகும். போலீஸ் கேஸ். பென்ஷன் மொத்தமும் நிற்கும். இன்று இரண்டரைக்குச் சொல்ல வேண்டும்.

திருடியவன்! என்னை! வாயில் வைக்கக் கூசுகிறது சார் அந்த வார்த்தை.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

அந்தக் காலத்தில் டெண்டர் என்றால் ஒரு தகரப் பெட்டி. மேலே ஒரு வாய். விலை எழுதின கவரை அதில் போட வேண்டும். போட வருகிறவனை வாசலிலேயே நாலு தடியன்கள் மறிப்பார்கள். ஒருத்தர் வேட்டியை உருவியதை நான் கண்ணால் பார்த்தேன். இன்னொரு தடவை, ஒரு தடியன் கவரைப் பிடுங்கி, என்ன செய்தான் தெரியுமா? வாயில் போட்டு மென்றுவிட்டான். அரக்கு முத்திரையோடு! மென்று எங்கள் ஆபீஸ் படிக்கட்டிலேயே துப்பினான். அதைப் பெருக்கிய அம்மாவுக்கு வாந்தி வந்துவிட்டது. அப்படிப்பட்ட அசிங்கம்.

அப்புறம் ஆன்லைன் டெண்டர் வந்தது. எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். நான் ஒருத்தன்தான் சந்தோஷப்பட்டேன். இனி இந்தப் படிக்கட்டில் எவனும் துப்ப முடியாது என்று.

ஆன்லைன் டெண்டர் எப்படி என்று தெரியுமா? சுலபம்தான். ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத பெட்டி, கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. சரக்கு தர விரும்புகிறவர்கள் அவரவர் ஊரில் இருந்தபடியே தங்கள் தாள்களை அதில் போடுவார்கள். அந்தப் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று அதிகாரிகளிடம் மூன்று சாவி. மூவரும் சேர்ந்து உட்கார்ந்து திறந்தால்தான் திறக்கும். ஒருத்தர் கள்ளத்தனம் செய்ய நினைத்தாலும் மற்ற இரண்டு சாவி வேண்டுமே! நல்ல ஏற்பாடு. யார் யோசித்தார்களோ, நல்ல மூளை.

சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் குச்சி. டோக்கன் என்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் செருகி, ரகசிய நம்பரைத் தட்டினால் அந்த அதிகாரி கையெழுத்துப் போட்டதாக அர்த்தம்.

எங்கள் மாவட்ட அலுவலர் திருமலைச்சாமி சார். பெரியவர் என்போம். டோக்கன் வந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார். அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், செத்த பல்லியைப் பிடிக்கிற மாதிரி.

"சுயம்பு, இதை வச்சிக்கிட்டு நான் என்னய்யா பண்ண? நீயே வச்சுக்க. நம்பர் என் பொறந்த தேதி."

பாருங்கள் சார். எத்தனை பேருக்கு இப்படி ஒரு நம்பிக்கை கிடைக்கும்? கணக்கு அலுவலர் அம்மாவும் கொடுத்துவிட்டார். வேறு இலாகாவிலிருந்து கமிட்டிக்கு வருகிற மூன்றாவது அதிகாரி, அவர் என்னிடம் நேரில்கூடப் பேசியதில்லை. டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். உறையின் மேலேயே நம்பரை எழுதி. ஆட்கள் மாறினாலும் வழக்கம் மாறவில்லை. புது அதிகாரி சார்ஜ் எடுக்கிற அன்றைக்கு மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், டோக்கனைக் கழற்றி என்னிடம் கொடுப்பார்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஜியாமெட்ரி பாக்ஸ் வீட்டில் சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து மேசை டிராயரில் வைத்தேன். மூன்று டோக்கன். பிளாஸ்திரி வெட்டி ஒட்டி, மேலே பெயர் எழுதி. அவ்வளவு ஒழுங்காக யார் வைத்திருப்பார்கள், சொல்லுங்கள்.

பிறகு அது ஆறு ஆயிற்று.

எப்படி என்றால், அற்புதராஜ் அண்ணாச்சி. விடுதிப் பிள்ளைகளுக்குப் போர்வை, பாய், பெட்ஷீட் எல்லாம் பதினெட்டு வருஷமாக அவர்தான் சப்ளை. ஐந்தாம் வகுப்புத்தான் படித்தவர். ஆன்லைன் என்றதும் மனுஷன் நடுங்கிப்போனார்.

"சூப்பரிண்டு சார், இந்தக் குச்சி மந்திரமெல்லாம் எனக்கு வெளங்காது. ஒங்ககிட்டயே கெடக்கட்டும். எங்க ஓடிறப் போவுது?"

அவருடைய டோக்கன் ஒன்று. அவர் சம்சாரம் பெயரில் ஒரு கம்பெனி, அதற்கு ஒன்று. மச்சினன் பெயரில் ஒரு கம்பெனி, அதற்கு ஒன்று. மூன்றுக்கும் பிளாஸ்திரி ஒட்டி வைத்தேன்.

ஏன் மூன்று என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒரே ஒருத்தர் மட்டும் டெண்டர் போட்டால் போட்டி இல்லை என்று மறுபடி டெண்டர் விடச் சொல்வார்கள். மறுபடி விட்டால் இரண்டு மாதம் போகும். இரண்டு மாதம் பிள்ளைகள் குளிரில் கிடக்க வேண்டுமா? எங்கள் மாவட்டத்தில் ஆறு விடுதி மலைமேல் இருக்கிறது. அதனால் மூன்று பேர் போடுவது அரசாங்கத்துக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. போட்டி வேண்டும் என்கிறது விதி. போட்டியை நான் உண்டாக்கிக் கொடுத்தேன்.

அதற்காக ஒரு பைசா? ஒரே ஒரு பைசா? விசாரித்துக்கொள்ளுங்கள். என் பேரனுக்கு எல்.கே.ஜி. சீட் கிடைத்ததே, அது வேறு. அந்தப் பள்ளிக்கூடக் கமிட்டியில் அண்ணாச்சி இருக்கிறார். அது நட்பு. ஆபீஸுக்கு வெளியே நடந்தது.

இந்த வருஷம் நாலாயிரத்து இருநூறு போர்வைக்கு டெண்டர் விட்டோம். கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி. மதியம் சாப்பிடக்கூட இல்லை நான். அண்ணாச்சியின் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போர்வையில் கம்பளி எவ்வளவு சதவீதம் என்று ஆய்வுக்கூடம் தருகிற சான்றிதழ் ஒன்று வேண்டும். அவர் கொடுத்தது இரண்டு வருஷம் பழையது. போன் போட்டுக் கத்தினேன். "அண்ணாச்சி, இது செல்லாது, புதுசு வேணும்." மூன்று மணிக்கு ஆள் வந்தான். புதுச் சான்றிதழ், மை காயவில்லை. அதை ஸ்கேன் செய்தால் கோணலாக விழுந்தது. திருப்பி எடுத்தேன். மச்சினன் கம்பெனித் தாளில் ஒரு பக்கம் தலைகீழாக விழுந்தது. அதையும் நேராக்கினேன். மூன்று கம்பெனித் தாள்களையும் ஏற்றி முடிக்க நாற்பத்தொரு நிமிஷம். முதுகு விட்டுப்போயிற்று. இந்த வயதில் அவ்வளவு பாடு.

திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறக்க வேண்டும். பெரியவருக்கு கலெக்டரிடம் மீட்டிங். கணக்கு அலுவலர் அம்மா லீவில் கொடைக்கானல். மூன்றாவது அதிகாரி ஊரிலேயே இல்லை. அதற்காக அரசாங்க வேலை நிற்குமா? பதினொன்று நாலுக்கு ஒரு டோக்கன், பதினொன்று ஐந்துக்கு ஒன்று, பதினொன்று ஆறுக்கு ஒன்று. மூன்று பூட்டும் திறந்தாயிற்று.

உள்ளே பார்த்தால் மூன்றல்ல, நான்கு டெண்டர்.

நான்காவது ஆள் ஒரு பொம்பளை. மரகதமணி. சென்னிமலைப் பக்கம் பன்னிரண்டு தறி போட்டுப் போர்வை நெய்கிறவராம். இதுவரை நம் மாவட்டத்தில் தலைகாட்டியதே இல்லை. ஆன்லைனில் பார்த்துவிட்டு அங்கிருந்தே போட்டிருக்கிறார்.

எல்லாத் தாளும் சரியாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆய்வுக்கூடச் சான்றிதழ் தலைகீழாக இருந்தது. 'ஆவணங்கள் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும்' என்று டெண்டர் விதியில் இருக்கிறது. தலைகீழாக இருப்பதைத் தெளிவாகப் படிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள். நிராகரித்தேன். விதி என்றால் விதி. முகம் பார்க்கக் கூடாது.

மூன்றாம் நாள் அந்த அம்மா நேரிலேயே வந்து நின்றுவிட்டார். கையில் ஒரு கட்டைப்பை. பஸ்ஸில் வந்த புழுதி முகத்தில் அப்படியே இருந்தது.

"ஏனுங்க சார், ஒரு பக்கம் தலைகீழா இருக்குதுன்னா தள்ளிப்போட்டீங்க?"

"ஆமாம்மா. படிக்க முடியல."

"கம்ப்யூட்டர்ல ஒரு பொத்தானத் தட்டுனா நேராகிக்குமுங்களே சார்."

"தட்டுறது என் வேலை இல்லம்மா."

கட்டைப்பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து என் மேசையில் விரித்தார். நீலக் கரை. கனமாக, மெத்தென்று இருந்தது. "தொட்டாவது பாருங்க சார்" என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நிராகரித்த ஆளின் சரக்கைத் தொடுவது முறையல்ல. தாள்கள் ஒரு கவர், விலை தனிக் கவர்; தாள்கள் தேறினால்தான் விலையைத் திறப்போம். அவர் விலைக் கவரைக்கூட நான் திறக்கவில்லை. நிராகரித்தவர் விலையைத் திறக்கக் கூடாது. திறக்க நினைத்தால் என்னால் முடிந்திருக்கும், எல்லாச் சாவியும் என்னிடம்தானே இருந்தது. திறக்கவில்லை. அதுதான் சார் நேர்மை.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் அறையிலிருந்து வெளியே வந்தார். அவருக்குப் புது டோக்கன் வந்திருந்தது, பழையது காலாவதி. "இந்தா சுயம்பு, இதையும் ஒன் டப்பாவுல போடு. அந்தப் போர்வை டெண்டர் வெலைக் கவரையும் தொறந்து முடிச்சிரு. நான் சாப்பிடப் போறேன்" என்று என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். அந்த அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை.

அற்புதராஜ் அண்ணாச்சிக்குத்தான் கிடைத்தது. வேறு யாருக்குக் கிடைக்கும்? மிச்சம் இருந்த மூன்றுமே அவருடையவைதானே.

சரக்கு வந்தது. நானே மலைமேல் ஏறிப் போய்ச் சரிபார்த்தேன். ஆபீஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற ரகம் இல்லை நான். பெண்பிள்ளைகள் விடுதி. வார்டன் அம்மா ஒரு போர்வையை உதறிக் காட்டினார். பொசுபொசுவென்று பஞ்சு பறந்தது. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. "பிள்ளைங்க போத்துனா விடிய விடியத் தும்முதுங்க சார். கழுத்தெல்லாம் சொறிஞ்சி சொறிஞ்சி செவந்து கெடக்கு. பழைய சேலையப் போத்திக்கிட்டுப் படுக்குதுங்க" என்றார்.

நான் பையிலிருந்து சாம்பிளை எடுத்தேன். அண்ணாச்சி டெண்டரோடு கொடுத்த சாம்பிள், சீல் வைத்தது. அதையும் உதறினேன். அதிலும் பஞ்சு பறந்தது. அதிலும் அதே வாசனை. சாம்பிள் எப்படியோ, சரக்கும் அப்படியே. இதில் தப்பு எங்கே இருக்கிறது? 'சாம்பிளுடன் ஒத்துள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரும் வழியெல்லாம் எனக்கும் தும்மல். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன், அந்த நாற்றம் போகவில்லை. தொழில் தெரியாதவர்கள் இதையெல்லாம் ஊழல் என்பார்கள்.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. லஞ்ச ஒழிப்புக்கும், இன்னும் யார் யாருக்கோ மனுப் போட்டுவிட்டார். மனுவில் என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். 'ஒரு பக்கம் தலைகீழாக இருந்ததால் நிராகரித்தார்கள். மற்றவர்களின் பக்கங்கள் எப்படி இருந்தன என்று பார்த்துச் சொல்லவும்.' இவ்வளவுதான் மனு. ஒரு தாள். அரைத் தாள்.

சென்னையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறது சார். எந்தத் தாளை எந்த மெஷினிலிருந்து, எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு ஏற்றினார்கள், எந்தச் சாவியை எங்கே செருகினார்கள், எல்லாம். பக்கத்தில் உட்கார்ந்து வேவு பார்க்கிற மாதிரி. முப்பத்து மூன்று வருஷத்தில் எந்த மனுஷனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

விசாரணை அதிகாரி ஷகீலா பானு மேடம். முப்பத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்தாமல் கேட்கிறவர். எனக்கு அந்த ரகம்தான் ஒத்துவராது.

"நாப்பத்தோரு நிமிஷம். மூணு கம்பெனி. ஒரே கம்ப்யூட்டர். யாரோடது சார்?"

"என்னோடது மேடம்."

"ஏத்துனது யாரு?"

"நான்தான் மேடம்."

"எதுக்கு?"

"அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது மேடம்."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஏன் அப்படிப் பார்க்க வேண்டும்?

"தாள் தெளிவா இல்லைன்னா விளக்கம் கேக்கலாம்னு விதியில இருக்கே. அந்த அம்மாகிட்ட ஏன் கேக்கல?"

"கேட்கலாம்னுதான் இருக்கு மேடம். கேட்க வேண்டும்னு இல்ல."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, தேவையில்லாமல், அந்த அம்மாவின் விலையைச் சொன்னார். அண்ணாச்சி விலையைவிட ஒரு போர்வைக்கு நூற்றுப் பதினெட்டு ரூபாய் குறைவாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திறக்கக் கூடாத கவர் அது! நானே திறக்காதது! விசாரணை என்றால் எதையும் திறந்துவிடலாமா?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இன்று காலை நடந்ததைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

மூன்று அதிகாரிகளும் எழுத்து மூலம் பதில் கொடுத்திருக்கிறார்கள். படித்துக் காட்டினார்கள். மூன்றிலும் ஒரே வாசகம். கமா கூட மாறவில்லை. 'எனது டோக்கன் எனது அறையில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. மேற்படி கண்காணிப்பாளர் எனக்குத் தெரியாமல் அதனை எடுத்துப் பயன்படுத்தியுள்ளார்.' நல்ல நடை. என்னிடம் பழகிய நடைதான். பெரியவருக்கு மெமோ வந்தால் பதில் எழுதிக் கொடுப்பது நான்தான். என் பழைய ஃபைலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பெரியவர் மனதார அப்படி எழுதியிருக்கமாட்டார் சார். யாரோ எழுதி நீட்டியிருப்பார்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் எப்போதும் படிக்கமாட்டார். காலையிலிருந்து பதினொரு தடவை போன் போட்டுவிட்டேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பார், பாவம்.

அற்புதராஜ் அண்ணாச்சி நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. என் பக்கம் திரும்பவே இல்லை. என்ன சொன்னார் தெரியுமா?

"எனக்கு ஒண்ணுமே தெரியாது மேடம். நான் அஞ்சாப்புப் படிச்சவன். டெண்டர் போட்டதே எனக்குத் தெரியாது. சூப்பரிண்டு சார் அவராப் போட்டுட்டாரு. அவராக் கூப்பிட்டு, போர்வையக் கொண்டான்னாரு, கொண்டாந்து போட்டேன்."

நாலாயிரத்து இருநூறு போர்வை சார்! யாரோ கூப்பிட்டார்கள் என்று கொண்டுவந்து போட்டாராம்! அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வெற்றிலைச் சாறு ஓரத்தில் வழிகிறது, துடைக்கிறார், மறுபடி வழிகிறது. பதினெட்டு வருஷம் அந்த வாய் என்னை 'தெய்வம்' என்று சொல்லியிருக்கிறது.

கடைசியாக அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். மரகதமணி. நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் என்ன கக்கப்போகிறாரோ என்று.

"டோக்கனை இவர் திருடினதா மூணு அதிகாரிகளும் சொல்றாங்க. நீங்க ஆபீஸுக்குப் போன அன்னிக்கு ஏதாவது பாத்தீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"இல்லீங்க மேடம், திருடலீங்க. பெரிய சாரே வந்து இவரு மேசையில போட்டுட்டுப் போனாருங்க. டப்பாவுல போடு, தொறந்து முடிச்சிரு, நான் சாப்பிடப் போறேன்னாருங்க. நான் அங்கதான் நின்னுட்டு இருந்தனுங்க."

"இவர் உங்ககிட்ட பணம் ஏதும் கேட்டாரா?"

"காசெல்லாம் கேக்கலீங்க. எம் போர்வையத் தொடக்கூட மாட்டேன்னுட்டாருங்க. நல்லதுக்குன்னும் ஒண்ணும் பண்ணல, ஆனா திருட்டுன்னு சொன்னா அது பொய்யிங்க."

அண்ணாச்சி மேலே சுழல்கிற ஃபேனைப் பார்த்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "இந்த அம்மா சொன்னது உண்மைன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா திருட்டுங்கிறது நிக்காது. மூணு அதிகாரிகளுக்கும் மெமோ போகும். உங்க மேல கவனக்குறைவு, பாரபட்சம், இதுதான் இருக்கும். நல்லா யோசிங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லுங்க."

நல்லா யோசிங்க. ஒரு மணி நேரமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. போட்டுவிட வேண்டியதுதானே என்று முகத்தில் எழுதியிருக்கிறது. உங்களுக்குச் சுலபம் சார். நான் தள்ளிவிட்ட ஆள் வந்து என்னைத் தூக்கிவிடுவதா? அதுவும் எப்படி, 'நல்லதுக்குன்னும் ஒண்ணும் பண்ணல' என்று சொல்லிக்கொண்டே? நான் பண்ணிய நல்லதெல்லாம் இவருக்கு என்ன தெரியும்? மூன்று அதிகாரிகள் பெயரை எழுதி மாட்டிவிடவா இந்தக் கை இத்தனை வருஷம் எழுதியது? அப்புறம் பெரியவர் என் முகத்தில் விழிப்பாரா? ரிட்டயர்மென்ட் விழாவுக்கு அவர்தான் தலைமை. அழைப்பிதழில் பெயர் போட்டாயிற்று.

ஸ்ஸ்... அதோ. அந்த அம்மாதான். கேன்டீனிலிருந்து இங்கேதான் வருகிறார். அந்தப் பக்கம் பாருங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள்.

"சார், சென்னிமலைப் பக்கம் போற பஸ்ஸு மூணே காலுக்கு இருக்குதுங்க. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா என்னை விட்டுருவாங்களாமா. தறி நின்னுட்டு இருக்குதுங்க சார். கொஞ்சம் சீக்கிரமாப் பண்ணுங்க."

...

போய்விட்டாரா? நான் வாயைத் திறந்தேனா? இல்லை. திறக்கவே இல்லை, நீங்களே பார்த்தீர்கள்.

பார்த்தீர்கள் அல்லவா? சாட்சி சொன்னவர் விசாரணை முடிவதற்குள் குற்றம் சாட்டப்பட்டவனிடம் நேரில் வந்து பேசலாமா? கையெழுத்துப் போடு என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. எத்தனை விசாரணை ஃபைல் பார்த்தவன் நான். சாட்சியம் கெட்டுப்போயிற்று. அவர் சொன்னது முழுக்கத் தள்ளுபடி ஆக வேண்டும். நான் விட்டாலும் விதி விடாது. இதை நான் இப்போதே மேடத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். மறைத்தால் அதுதான் தப்பு.

உங்கள் ஃபைலில் வெள்ளைத் தாள் ஒன்று இருக்குமா? நன்றி. கடன்தான், திருப்பித் தந்துவிடுவேன்.

'பெறுநர்... ஐயா... அம்மா அவர்களுக்கு... பொருள்: சாட்சியின் வாக்குமூலத்தை நிராகரிக்கக் கோருதல்...' பாருங்கள், கை எவ்வளவு சரளமாகப் போகிறது. '...மதியம் ஒன்று ஐம்பது மணியளவில், மேற்படி சாட்சி தாமாகவே முன்வந்து...'

நேரில் பார்த்த ஒருவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள்தான் பார்த்தீர்கள்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? இன்னும் இரண்டரை ஆகவில்லையே. என்ன, உங்களைக் கூப்பிட்டுவிட்டார்களா? எனக்குக் காதில் விழவில்லையே.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, அவசரம் என்றால் போங்கள். உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. பெயரை நானே எழுதிக்கொள்கிறேன், பட்டா ஃபைல் மேலேயே இருக்கிறது, படித்துவிட்டேன். நீங்கள் கையெழுத்து எப்படிப் போடுவீர்கள் என்று மட்டும் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள்.